மோட்டாரின் பிரேக் பேட்டை வீட்டிலேயே மாற்றலாமா? முதன்முறை செய்வோருக்கு ஒரு வழிகாட்டி

அதிகாலைப் பெரட்டுக்குப் போவதற்கும், பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிடுவதற்கும், தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து வீடு திரும்புவதற்கும் நம்மவர்களில் பலருக்கு மோட்டார் சைக்கிள்தான் கால்கள். தோட்டத்தில் இருந்தாலும் தாமானில் இருந்தாலும், வீட்டு வாசலில் ஒரு மோட்டாராவது நிற்கும். அதற்குப் பெட்ரோல் ஊற்றுகிறோம், எண்ணெய் மாற்றுகிறோம், சனிக்கிழமை மாலையில் கழுவித் துடைக்கிறோம். பிரேக்கைப் பற்றி மட்டும், சத்தம் வரும்வரை நினைப்பதில்லை.

நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். இவை எல்லாவற்றுக்கும் பிரேக்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. வேகம், களைப்பு, குழி விழுந்த சாலை, மற்றவரின் கவனக்குறைவு என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் அவற்றில் நம் கையில் முழுமையாக இருப்பவை சிலவே. பிரேக் அவற்றுள் ஒன்று.

சிங்கப்பூரில் பதிவு செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள், மூன்று வயதைத் தாண்டியதும் ஆண்டுதோறும் கட்டாயச் சோதனைக்குப் போக வேண்டும். இங்கே சொந்த உபயோகத்துக்கான மோட்டாரின் சாலை வரியைப் புதுப்பிக்கும்போது பிரேக்கை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. ஆகவே பரிசோதகர் வேலையும் உரிமையாளரின் வேலைதான்.

பிரேக் பேட் மாற்றுவது பெரிய தொழில்நுட்ப வித்தை அல்ல. பொறுமையும் சுத்தமும் இருந்தால், முதன்முறை செய்பவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டாலும் முடித்துவிடலாம். ஆனால் இந்த வேலையில் சில இடங்களில் தவறு நடந்தால், அது வீட்டு வாசலில் தெரியாது. முதல் முச்சந்தியில்தான் தெரியும். அந்த இடங்கள் எவை, ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். டிஸ்க்கை வட்டு என்றும் பிரேக்கைத் தடுப்பி என்றும் எழுதலாம். ஆனால் பட்டறையில் எந்தச் சொல்லைச் சொன்னால் பொருள் கைக்கு வருமோ அந்தச் சொல்லையே இங்கே பயன்படுத்துகிறோம்.

முதலில், உங்கள் மோட்டாரில் இருப்பது பேட் தானா?

எல்லா மோட்டாரிலும் பிரேக் பேட் இருக்காது. தோட்டப்புறங்களில் இன்றும் அதிகம் ஓடும் ஹோண்டா இ.எக்ஸ்.5 வகையில் முன்னும் பின்னும் டிரம் பிரேக். சக்கரத்தின் நடுவே மூடிய வட்டப் பெட்டி போல இருக்கும். அதற்குள் இருப்பது பேட் அல்ல, ‘பிரேக் ஷூ’ எனப்படும் பிறை வடிவக் கட்டைகள்.

யமஹா எல்.சி.135, ஒய்15 போன்றவற்றில் முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக். ஹோண்டா வேவ் 125 வகைகள் பலவற்றில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். சக்கரத்தோடு சுழலும் பளபளப்பான இரும்பு வட்டு தெரிந்தால் அது டிஸ்க். அதைக் கவ்வியபடி இருக்கும் கனமான உலோகப் பகுதி காலிப்பர். காலிப்பருக்குள், டிஸ்க்கின் இரு பக்கமும் நிற்கும் இரண்டு சிறிய கட்டைகள்தான் பிரேக் பேட்.

லீவரை அழுத்தும்போது, கைப்பிடி அருகிலுள்ள மாஸ்டர் பம்ப் பிரேக் எண்ணெயைக் குழாய் வழியே தள்ளுகிறது. அந்த அழுத்தம் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் பேட்டைத் தள்ள, பேட் டிஸ்க்கைக் கவ்வுகிறது. உராய்வில் வண்டி நிற்கிறது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் பேட் சிறிது தேய்கிறது. தேயத்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. தேய்ந்தபின் மாற்றாமல் விடுவதுதான் ஆபத்து.

எப்போது மாற்ற வேண்டும்?

எத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை என்று எல்லாருக்கும் பொருந்தும் கணக்கு கிடையாது. நகரத்தில் சமிக்ஞை விளக்குக்கு விளக்கு நின்று போகிறவருக்கும், நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓட்டுகிறவருக்கும் பேட் ஒரே மாதிரி தேயாது. செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் தினமும் ஓட்டுகிறவருக்கு இன்னும் வேகமாகத் தேயும். சேறும் மணலும் பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையே புகுந்து அரம் போல் வேலை செய்கின்றன. மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம்.

ஆகவே கிலோமீட்டரை நம்பாமல் கண்ணை நம்புங்கள். கைப்பேசியின் விளக்கைப் போட்டு, காலிப்பரின் பின்பக்கத்திலிருந்தோ கீழிருந்தோ பாருங்கள். ஒவ்வொரு பேட்டிலும் இரண்டு அடுக்கு தெரியும். ஒன்று இரும்புத் தகடு. மற்றொன்று டிஸ்க்கைத் தொடும் கருமையான உராய்வுப் பொருள். அந்த உராய்வுப் பொருளின் தடிமனைத்தான் பார்க்க வேண்டும். பல பேட்களில் அதன் நடுவே ஒரு பள்ளக் கோடு இருக்கும். தேய்மானத்தைக் காட்டும் அடையாளம் அது. கோடு மறையும் நிலைக்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. கோடு இல்லாத பேட் என்றால், 2 மி.மீ. அளவுக்கு இறங்கியதும் புதியதை வாங்கி வைத்துவிடுவது பாதுகாப்பு.

இரண்டு பேட்டையும் பாருங்கள். வெளியே தெரியும் பேட் நன்றாக இருக்க, உள்ளே இருப்பது தகடு வரை தேய்ந்திருப்பது உண்டு. காலிப்பர் நகர்ந்து கொடுக்கும் கம்பிகள் இறுகிவிட்டால் அப்படி நடக்கும்.

வேறு சில அறிகுறிகளும் உண்டு. பிரேக் எண்ணெய்க் கிண்ணத்தில் அளவு மெல்ல மெல்ல இறங்கியிருக்கும். பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வந்து நிற்கும். அந்த இடத்தை எண்ணெய் நிரப்புவதால் கிண்ணத்தில் குறைகிறது. இதைக் கண்டதும் எண்ணெயை மட்டும் ஊற்றிவிட்டுப் போய்விடாதீர்கள். பேட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பேட் புதிதாக இருந்தும் எண்ணெய் குறைந்தால் எங்கோ கசிகிறது. அது உடனே பட்டறைக்குப் போக வேண்டிய விஷயம்.

பிரேக் பிடிக்கும்போது மெல்லிய கீச்சொலி கேட்டால் வெறும் தூசியாகவும் இருக்கலாம். ஆனால் இரும்பும் இரும்பும் உரசுவது போன்ற கரகர சத்தம் வந்தால், உராய்வுப் பொருள் முடிந்து தகடே டிஸ்க்கைச் சுரண்டுகிறது என்று பொருள். அதற்கு மேல் ஓட்டும் ஒவ்வொரு நாளும் டிஸ்க் அழிகிறது. பேட் மலிவான பொருள், டிஸ்க் அப்படி இல்லை. ‘சம்பளம் வரட்டும்’ என்று தள்ளிப்போடுவதால் செலவு குறையாது, பல மடங்காகும்.

பணத்தைவிடப் பெரிய கணக்கு ஒன்றும் இருக்கிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் மோட்டார் ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். 90 கி.மீ. வேகத்தில் 25 மீட்டர். முன்னால் போகும் லாரி திடீரென நிற்கும்போது, தேய்ந்த பிரேக் அரை வினாடி தாமதமாகக் கவ்வினாலும் அது பல மீட்டர் வித்தியாசம். அந்தச் சில மீட்டரில்தான் ‘தப்பித்தேன்’ என்பதும் மற்றதும் இருக்கின்றன.

வாங்கும்போது கவனிக்க

உங்கள் மோட்டாரின் மாடலையும் ஆண்டையும் சொல்லி வாங்குங்கள். ஒரே பெயரில் வந்த மோட்டாரிலும் பழைய வகைக்கும் புதிய வகைக்கும் காலிப்பர் மாறியிருக்கலாம். முடிந்தால் பழைய பேட்டின் படத்தைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு போங்கள். முன் பேட்டும் பின் பேட்டும் வேறு வேறு. எப்போதும் இரண்டு பேட்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். தேய்ந்ததை மட்டும் மாற்றி மற்றதை விட்டால் பிடிப்பு ஒருபக்கமாகப் போகும்.

அசல் நிறுவனப் பெட்டியைப் போலவே அச்சடித்த போலிகளும் சந்தையில் உண்டு. நம்ப முடியாத மலிவு விலையில் ‘அசல்’ கிடைத்தால் சந்தேகப்படுங்கள். தெரிந்த மோட்டார் கடையிலோ அங்கீகரிக்கப்பட்ட முகவரிடமோ வாங்குவது நல்லது. உலோகம் அதிகம் கலந்த கடினமான பேட்கள் மழையிலும் சூட்டிலும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் டிஸ்க்கைச் சற்று வேகமாகத் தேய்க்கும். சாதாரண தினசரி ஓட்டத்துக்கு, உங்கள் மோட்டாருடன் வந்த வகையே போதும்.

தேவையான பொருள்கள்

• காலிப்பர் போல்ட்டுக்குப் பொருத்தமான சாக்கெட் அல்லது ரிங் ஸ்பானர். பெரும்பாலும் 12 அல்லது 14 அளவு. வாய் திறந்த ஸ்பானர் போல்ட்டின் முனையை மழுங்கடிக்கும், தவிர்க்கவும்.
• பேட்டைப் பிடித்திருக்கும் பின்னைக் கழற்ற எல்-கீ. பல மோட்டார்களில் 5 அளவு.
• தட்டை முனை ஸ்குரூடிரைவர்.
• பிரேக் கிளீனர் புட்டி ஒன்று, சுத்தமான துணி, பழைய பல் துலக்கி.
• பிரேக் பாகங்களுக்கான கிரீஸ் சிறிதளவு. சாதாரண செயின் கிரீஸ் வேண்டாம்.
• ஊசி இல்லாத சிரிஞ்சு, கையுறை, முகக்கவசம், கட்டுவதற்கு ஒரு கயிறு.

முகக்கவசம் ஏன் என்று கேட்கலாம். பிரேக் தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல. பழைய பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்த காலமும் உண்டு. ஆகவே வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயால் அடிக்காதீர்கள். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைத்து எடுங்கள்.

படிப்படியாகச் செய்முறை

1. மோட்டாரைச் சமதளத்தில், நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். புல்தரையும் சரிவான வாசலும் வேண்டாம். ஓட்டி வந்த உடனே தொடாதீர்கள். டிஸ்க் தோலைச் சுட்டுவிடும்.

2. எண்ணெய்க் கிண்ணத்தைச் சுற்றித் துணி போடுங்கள். பிரேக் எண்ணெய் சாயத்தை அரிக்கும். எங்காவது சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கிண்ணத்தில் எண்ணெய் மேல்கோடு வரை இருந்தால் சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது எண்ணெய் திரும்பி மேலே வரும், வழியக் கூடாது.

3. காலிப்பர் இன்னும் வண்டியில் இருக்கும்போதே பேட் பின்னைச் சற்றுத் தளர்த்துங்கள். பின்னை ஒரு சிறு மூடி மறைத்திருக்கலாம், அதை ஸ்குரூடிரைவரால் எடுங்கள். காலிப்பரைக் கழற்றிய பிறகு பின்னைத் தளர்த்துவது மிகக் கடினம். கையில் பிடிமானம் இருக்காது.

4. காலிப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் கழற்றி, காலிப்பரை டிஸ்க்கிலிருந்து மெல்ல இழுங்கள். அதைப் பிரேக் குழாயில் தொங்கவிடாதீர்கள். கயிற்றால் முன் போர்க்கில் கட்டி வையுங்கள். இந்த நிலையில் யாரும் பிரேக் லீவரை அழுத்தக் கூடாது. அழுத்தினால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். பக்கத்தில் சிறு பிள்ளைகள் இருந்தால் இதை முதலிலேயே சொல்லி வையுங்கள்.

5. பழைய பேட்டைக் கழற்றும் முன் ஒரு படம் எடுங்கள். எந்தப் பேட் எந்தப் பக்கம், உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டு ஸ்பிரிங் எந்தத் திசையில் இருந்தது என்பதெல்லாம் பிறகு நினைவில் நிற்காது. ஸ்பிரிங்கைத் தலைகீழாகப் போட்டால் பேட் ஆடும், சத்தம் வரும்.

6. பின்னை உருவி, பழைய பேட்டை எடுங்கள். இரண்டும் ஒரே அளவில் தேய்ந்திருக்கின்றனவா பாருங்கள். இல்லையென்றால் காலிப்பரின் நகரும் கம்பிகளை இழுத்துத் துடைத்து, பிரேக் கிரீஸ் மெல்லிதாகத் தடவுங்கள். அவற்றின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

7. பிஸ்டனைச் சுற்றிப் பாருங்கள். ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் சீல் கசிகிறது. அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். புதுப் பேட் அதைச் சரிசெய்யாது. காய்ந்திருந்தால், பிரேக் கிளீனரும் பல் துலக்கியும் கொண்டு பிஸ்டனின் வெளியே நீண்ட பகுதியைச் சுத்தம் செய்யுங்கள். அழுக்கோடு உள்ளே தள்ளினால் சீலைக் கீறும்.

8. பழைய பேட் ஒன்றைப் பிஸ்டன் மேல் வைத்து, கட்டை விரல்களால் நேராக, மெல்ல உள்ளே தள்ளுங்கள். இரண்டு பிஸ்டன் இருந்தால் ஒன்றைத் தள்ளும்போது மற்றது வெளியே வரப் பார்க்கும், அதையும் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்குரூடிரைவரால் நெம்பாதீர்கள்.

9. டிஸ்க்கைப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான கோடுகள், வெடிப்பு, வளைவு இருந்தால் டிஸ்க்கும் மாற வேண்டும். குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கின் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். நன்றாக இருந்தால் பிரேக் கிளீனர் ஊற்றிச் சுத்தமான துணியால் துடையுங்கள்.

10. கையுறையை மாற்றிக்கொண்டு புதுப் பேட்டை எடுங்கள். உராய்வுப் பக்கத்தில் விரல் படக் கூடாது. எண்ணெயோ கிரீஸோ பட்டுவிட்டால் அந்தப் பேட் வீண். துடைத்துப் போட்டாலும் பிடிப்பு சரியாக வராது. உராய்வுப் பக்கம் டிஸ்க்கைப் பார்த்தபடி இரண்டையும் வைத்துப் பின்னைச் செருகுங்கள்.

11. காலிப்பரை டிஸ்க் மேல் நேராக ஏற்றி, போல்ட்டுகளை முதலில் கையால் திருகி, பிறகு ஸ்பானரால் முடுக்குங்கள். கடைசியில் பேட் பின்னை முடுக்கி மூடியைப் போடுங்கள். எவ்வளவு முடுக்குவது என்பது உங்கள் மோட்டாரின் கையேட்டில் இருக்கும். டார்க் ஸ்பானர் கையில் இல்லாதவர்கள், வேலை முடிந்ததும் தெரிந்த மெக்கானிக்கிடம் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளலாம். அதில் வெட்கம் ஏதும் இல்லை.

மறக்கவே கூடாத ஒரு நிமிடம்

வேலை முடிந்தது போல் தோன்றும். கைகளைக் கழுவிவிட்டு ஒரு சுற்று போய்ப் பார்க்கத் தோன்றும். இதுவே இந்த வேலையின் மிக ஆபத்தான நொடி.

காரணம் எளிது. பிஸ்டனை நீங்கள் முழுவதுமாக உள்ளே தள்ளிவிட்டீர்கள். புதுப் பேட்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே இப்போது வெற்றிடைவெளி இருக்கிறது. லீவரை ஒரு முறை அழுத்தினால் மாஸ்டர் பம்ப் கொஞ்சம் எண்ணெயைத்தான் தள்ளும். அந்த இடைவெளியைக் கடக்க அது போதாது. ஆகவே முதல் அழுத்தலில் லீவர் கைப்பிடியைத் தொடும் வரை வெறுமனே வரும். பிரேக் பிடிக்காது. இரண்டாவதிலும் பிடிக்காமல் போகலாம். அந்த முதல் அழுத்தல் வாசலில் நடந்தால் ஒன்றுமில்லை. சாலை முனையில் நடந்தால் நிலைமை வேறு.

ஆகவே மோட்டாரை ஸ்டாண்டிலிருந்து இறக்கும் முன்பே, லீவரைத் திரும்பத் திரும்ப, மெதுவாக அழுத்துங்கள். சில அழுத்தல்களில் லீவர் கெட்டியாகும். பிஸ்டன் வெளியே வந்து பேட்டைத் தொட்டுவிட்டது என்று பொருள். பின் சக்கரத்தில் செய்திருந்தால் கால் மிதியை அப்படியே அழுத்துங்கள். கெட்டியான பிறகு லீவரைச் சிறிது நேரம் இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். மெல்ல மெல்ல உள்ளே இறங்கக் கூடாது. பஞ்சு போல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. அந்த நிலையில் ஓட்டாதீர்கள்.

பிறகு எண்ணெய்க் கிண்ணத்தைப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே இருக்க வேண்டும். ஊற்ற வேண்டியிருந்தால் மூடியின் மேல் எழுதியிருக்கும் வகையையே, அதாவது டாட் 3 அல்லது டாட் 4, புதிதாகத் திறந்த புட்டியிலிருந்து ஊற்றுங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அலமாரியில் பல மாதம் திறந்து கிடந்தது உதவாது. மோட்டாரில் இருக்கும் எண்ணெயையும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது வழக்கம்.

சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். லேசாக உரசலாம், ஆனால் தடையின்றிச் சுற்ற வேண்டும். அதன் பிறகே வாகனம் இல்லாத இடத்தில், நடக்கும் வேகத்தில் ஓட்டி, முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள்.

புதுப் பேட் பழகும் வரை

புதிதாகப் போட்ட பேட் முதல் நாளே முழுப் பலத்தோடு பிடிக்காது. அதன் பரப்பு டிஸ்க்கோடு முழுமையாகப் பொருந்த வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டருக்கு முன்வாகனத்துடன் வழக்கத்தைவிட அதிக இடைவெளி விடுங்கள். அவசரமில்லாமல், மிதமான வேகத்திலிருந்து மென்மையாகப் பல முறை வேகத்தைக் குறைத்துப் பழக்குங்கள். ஆரம்பத்திலேயே நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால் பேட்டின் மேற்பரப்பு சூட்டில் கண்ணாடி போல் இறுகி வழுக்கும்.

கேமரன் மலையில் தேயிலைத் தோட்டப் பக்கம் இருப்பவர்களும், தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்கு ஏறி இறங்குகிறவர்களும் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் பேட்டும் எண்ணெயும் சூடேறி, பிடிப்பு குறையும். கியரைக் குறைத்து, எஞ்சினின் இழுவையில் இறங்கி, தேவைப்படும்போது மட்டும் பிரேக் பிடிப்பதே சரி.

மாற்றிய மறுநாள், ஸ்பானரை எடுத்துக் காலிப்பர் போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று ஒரு முறை பாருங்கள்.

டிரம் பிரேக் வைத்திருப்பவர்களுக்கு

இ.எக்ஸ்.5 போன்ற மோட்டாரில் பேட்டைப் பார்ப்பது போல் ஷூவை வெளியிலிருந்து பார்க்க முடியாது. ஆனால் சக்கரத்தின் பக்கத்தில் பிரேக் கம்பி வந்து சேரும் இடத்தில் சிறு அம்புக்குறி இருக்கும். அதன் அருகே பெட்டியில் ஒரு அடையாளமும் இருக்கும். பிரேக்கை முழுவதும் அழுத்தச் சொல்லிவிட்டுப் பாருங்கள். அம்பு அந்த அடையாளத்தைத் தொட்டுவிட்டால் ஷூ முடிந்தது.

நம்மவர்கள் பலர் பிரேக் தளர்ந்தால் நட்டைத் திருகி இறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். பின் மிதி பிடிக்கத் தொடங்கும் முன் ஏறக்குறைய 20 முதல் 30 மி.மீ. வரை வெறுமனே நகர வேண்டும் என்பது பொதுவான அளவு. நட்டைத் திருகுவது இந்த அளவைச் சரிசெய்யத்தான். தேய்ந்துபோன ஷூவுக்கு அது மருந்தல்ல. ஷூ மாற்றச் சக்கரத்தையே கழற்ற வேண்டும் என்பதால், முதல் முறை தெரிந்தவர் ஒருவர் உடன் இருப்பது நல்லது.

எப்போது வீட்டில் செய்யக் கூடாது?

லீவர் பஞ்சு போல் இருந்தால், எண்ணெய் கசிந்தால், பிஸ்டன் அசையாமல் இறுகியிருந்தால், போல்ட் மழுங்கிவிட்டால், டிஸ்க் தேய்ந்திருந்தால், பட்டறைக்குத் தள்ளிக்கொண்டோ ஏற்றிக்கொண்டோ போங்கள், ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஏ.பி.எஸ். வசதியுள்ள மோட்டார் என்றால் முதலில் கையேட்டைப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் அங்கீகரிக்கப்பட்ட பட்டறையே சரி.

நேரமும் முக்கியம். தீபாவளிக்கு முதல் நாள் இரவு, மறுநாள் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில், வாசல் விளக்கின் மங்கலான வெளிச்சத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு, விடுமுறை நாளின் காலை வெளிச்சத்தில் செய்யுங்கள். ஏதாவது பொருந்தவில்லை என்றால் கடை திறந்திருக்கும், புதுப் பேட் பழகவும் நாள் இருக்கும்.

பேட்டை நீங்களே மாற்றத்தான் வேண்டும் என்பதில்லை. பட்டறையில் கொடுத்தே செய்துகொள்ளலாம். ஆனால் பேட் எங்கே இருக்கிறது, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்திருப்பது வீட்டில் மோட்டார் ஓட்டும் ஒவ்வொருவருக்கும் வேண்டும். வேலைக்கு ஓட்டிப் போகும் அம்மாவுக்கும், புதிதாக உரிமம் எடுத்த மகனுக்கும் மகளுக்கும் இதைக் காட்டிக்கொடுங்கள். மாதம் ஒரு முறை, சம்பள நாளன்று, கைப்பேசி விளக்கைப் போட்டு ஒரு நிமிடம் குனிந்து பார்த்தால் போதும்.